ஏழாவது தீர்மானத்துக்கு மறுப்பு இல்லை

காலை ஏழரை மணிக்குச் சுப்பாராயுடு ஒரு போர்வையின் முனையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. போர்வைக்குப் பின்னால் அவர் மனைவி ராஜ்யலட்சுமி காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில், தோசைக்கல்லில் பெசரட்டு தீய ஆரம்பித்திருந்தது.

“இன்னும் மேல தூக்குங்க. என் நெத்தி தெரியுது. திரைக்குப் பின்னாடி நிக்கறது சத்தியபாமாவா, இல்ல சுவத்துக்கு மேல எட்டிப் பாக்கற பக்கத்து வீட்டுக்காரியா?”

“பெசரட்டு தீயுது.”

“தீயட்டும். பாமாவுக்குப் பசி கிடையாது.”

“திரை பிடிக்கறவனுக்கு உண்டு.”

அவள் ஒரு துண்டை முறுக்கிப் பின்னல் போலாக்கிப் போர்வைக்கு மேலாக இந்தப் பக்கம் வீசினாள். அதன் நுனி அவர் மூக்கில் பட்டது. தெலுங்கு நாட்டிய நாடகங்களில் சத்தியபாமா வரும் முறை அது. முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் பின்னலைத் திரைக்கு மேல் போடுவாள். இந்தச் சபையில் என்னைவிட நன்றாக ஆடக்கூடியவர் இருந்தால் வாருங்கள், ஆடி ஜெயித்து இந்தப் பின்னலை அறுத்துக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பொருள். ராஜ்யலட்சுமி ஆடிய காலத்திலும் சரி, மச்சிலிப்பட்டணத்துக் கலாபீடத்தில் அபிநயம் சொல்லிக்கொடுத்த இருபத்தாறு வருஷத்திலும் சரி, யாரும் வந்ததில்லை. இந்த ஊரில் கத்தரிக்கோலுக்குத் தையல்கடையில் மட்டும்தான் வேலை என்பாள்.

“இந்த வருஷம் பாமா மங்கதாயாருதான்” என்றாள், தீய்ந்த பெசரட்டைப் பிய்த்து இஞ்சிப் பச்சடியில் தோய்த்துக்கொண்டே.

“டயர் மாத்தறவர் பொண்ணா?”

“பஸ் டிப்போவுல டயர் மாத்தறவர் பொண்ணுதான். தலைவரோட பேத்தி சுஜனாவும் நல்லாத்தான் ஆடறா. ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்கற முகம். பாமாவுக்குத் திமிர் வேணும். அத நான் சொல்லிக் குடுக்க முடியாது. மங்கா வீட்டுலேர்ந்தே கொண்டுவந்திருக்கா. நேத்தே அவகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு மீட்டிங்ல சொல்லணும், தலைவர் பேசி முடிச்சாருன்னா.”

“முடிப்பாரா?”

“ஒரு தடவ முடிச்சாரு. அன்னிக்கு கரண்டு போயிடுச்சு.”

குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கலாபீடத்தின் செயற்குழு பத்து மணிக்குக் கூடியது. தலைவர் கோடேஸ்வர பிரசாத்துக்கு இரண்டு அரிசி ஆலைகள் இருந்தன. நாட்டியத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு அவருடைய அப்பாவிடமிருந்து கட்டடத்தோடு சேர்ந்து வந்தது. அவர் பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். காற்றில் மைக் இரைகிறது என்று அவர் சொல்லியிருந்தார். செயற்குழுவில் ஒன்பது பேர்தான், அறையும் சிறியது, ஆனாலும் மைக் உண்டு. அது மே மாதம். யாரும் நடுவில் எழுந்து போகக்கூடாது. போவதானால் தலைவரிடம் அனுமதி பெற வேண்டும். தலைவர் பேசிக்கொண்டிருப்பதால் அனுமதி கேட்க முடியாது.

அன்று ‘கலையில் கட்டுப்பாடு’ என்ற பொருளில் ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவில் மூன்றாவது நாற்காலியில் ராஜ்யலட்சுமி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரசனைன்னா இதுதான். பாருங்க, நம்ம ராஜ்யலட்சுமி அம்மா கண்ண மூடிக் கேக்கறாங்க. மத்தவங்கல்லாம் கடிகாரத்தப் பாக்கறீங்க.” உறுப்பினர்கள் கைதட்டினார்கள். கைதட்டியதும் மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

பிறகு தீர்மானங்கள். ஏழாவது தீர்மானம், ஆண்டுவிழா நாடகத்தில் சத்தியபாமா வேடத்தைக் குமாரி சுஜனாவுக்கு வழங்குவது. செயலர் மல்லாதி சதாசிவம் வாசித்துவிட்டு மறுப்பு உண்டா என்று கேட்டார். வேடங்களைப் பற்றி அபிநய ஆசிரியரின் கருத்தைப் பெற வேண்டும் என்று விதி இருந்ததால் ராஜ்யலட்சுமியின் பக்கம் திரும்பி இன்னொரு முறையும் கேட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பு இல்லை, ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்.

கடைசியில் கலாபீட கீதம். தலைவரின் அப்பாவைப் போற்றும் அந்தப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ராஜ்யலட்சுமி எழுந்திருக்கவில்லை. கீதம் முடியும்வரை செயலர் பொறுத்திருந்தார். பிறகு அவளுக்கு ஒரு மெமோ எழுதி, கையோடு கொடுத்துவிடலாம் என்று பக்கத்தில் போய்க் குனிந்தார். அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குக் கலாபீடத்துப் பியூன் கோட்டய்யா சைக்கிளில் வந்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

“சார், அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க.”

முப்பத்தொரு வருஷம் தபால் பிரித்த சுப்பாராயுடுவுக்கு ஒரு சேதியை எவ்வளவு மடித்து அனுப்பினாலும் உள்ளே இருப்பது தெரியும். செருப்பு போட மறந்து சைக்கிளின் பின்னால் ஏறினார்.

டாக்டர் பார்த்துவிட்டு இதயம் நின்றது பதினொன்றே காலை ஒட்டி என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சுப்பாராயுடு மடித்துப் பெட்டியில் வைத்தார். அதனால் ஏதாவது பயன் இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மங்கதாயாரு வந்தாள். பதினாறு வயது. வாசற்படியில் ஏறாமல் கீழேயே நின்றாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். டீச்சர் என்கிட்ட ஏன் பொய் சொன்னாங்க?”

“என்ன பொய்?”

“நீதான் பாமான்னு சொன்னாங்க. மறுநாளே மீட்டிங்ல சுஜனாவுக்குச் சரின்னுட்டாங்களாம். எழுதியே வெச்சிருக்காங்க. செயலர் சார் காட்டினார். எனக்குப் பாமா குடுக்கலைன்னாக்கூடப் பரவால்ல மாமா. முதல்ல என்னத்துக்குச் சொல்லணும்?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அந்த நிமிர்த்தலைத்தான் ராஜ்யலட்சுமி தேர்ந்தெடுத்தாள் என்று அவருக்கு அந்த நிமிஷம் புரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாணவிகூட அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. இப்போது செத்த பிறகு ஒருத்தி சொல்கிறாள், அதுவும் ரொம்பப் பிடித்த ஒருத்தி. அதை மட்டும் சரிசெய்துவிட வேண்டும் என்று அவர் பெட்டியைத் திறந்து டாக்டரின் காகிதத்தை எடுத்தார்.

செயலர் மல்லாதி சதாசிவம் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப வருத்தமான விஷயம்” என்றார்.

“ஏழாவது தீர்மானம் எத்தன மணிக்கு வந்துது?”

மினிட் புத்தகத்தைத் திறந்தார். “பதினொன்னே முக்கால்.”

“டாக்டர் பதினொன்னே கால்னு எழுதியிருக்காரு. அரை மணி நேரம் முன்னாடியே அவ போயிட்டா. போனவ எப்படிச் சரின்னு சொல்லியிருப்பா?”

“சரின்னு சொன்னாங்கன்னு நாங்க எழுதலையே. மறுப்பு இல்லைன்னுதான் எழுதியிருக்கோம். மறுத்தாங்களா?”

“உயிரோட இல்லைங்க.”

“சுப்பாராயுடு காரு, உணர்ச்சிவசப்படாதீங்க. டாக்டர் நம்ம செயற்குழுவுல உறுப்பினரா?”

“இல்ல.”

“கூட்டத்துல என்ன நடந்துதுன்னு உறுப்பினர் அல்லாதவர் எப்படி எழுதலாம்? இன்னொண்ணு. கூட்டத்திலேர்ந்து விலகணும்னா தலைவர்கிட்ட அனுமதி வாங்கணும். அம்மா வாங்கல. அதனால விதிப்படி கடைசிவரைக்கும் கூட்டத்துல இருந்தாங்க.” செயலர் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்காக ஒரு வழி சொல்றேன். என் இசைவைத் திரும்பப் பெறுகிறேன்னு அம்மா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நான் ஒரே நாள்ல மாத்திடுவேன். நானா குறுக்க நிக்கறேன்?”

சுப்பாராயுடு காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். செயலர் வாசல்வரை கூடவே வந்தார்.

“இல்லைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஒரு முக்கால் மணி நேரம் தள்ளிப் போட்டுக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் நல்லது. கடைசி மூச்சு வரைக்கும் தீர்மானங்கள்ல பங்கெடுத்தாங்கன்னு விழா மலர்ல போட்டுடலாம்.”

சுப்பாராயுடு தலைவரைப் பார்க்கப் போனார். கோடேஸ்வர பிரசாத் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா போனது எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. ஆனா நீங்க சொல்றத யோசிச்சுப் பாருங்க. பதினொன்னே காலுக்கு நான் பேசிட்டிருந்தேன். நான் பேசும்போது ஒருத்தர் செத்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா கலைக்கு என்ன மரியாதை? நாப்பது வருஷமா பேசறேன். எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. ஒரு புகார் வந்ததில்ல.”

“நான் உங்கமேல புகார் சொல்லல. மங்கதாயாரு ஆடணும்னு அவ சொன்னா. அவ்வளவுதான்.”

“யாரு ஆடினா என்ன? ஆட்டம் தெய்வத்துக்கு. என் பேத்தி ஆடினா தெய்வம் வேண்டாம்னா சொல்லப்போகுது? இந்த வருஷ விழாவையே அம்மாவோட நினைவாஞ்சலியா மாத்திட்டேன். அதுக்கே கமிட்டில எதிர்ப்பு. நான் விடல.”

மோர் நன்றாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு வந்ததற்காக அவர் பல நாள் தன்மேல் கோபமாக இருந்தார்.

நினைவாஞ்சலி வேலைகள் ஆரம்பித்தன. அழைப்பிதழில் தலைவரின் பெயர் பதினோரு இடங்களிலும் ராஜ்யலட்சுமியின் பெயர் ஓரிடத்திலும் வந்தது. மேடையில் வைக்கப் படம் தேடினார்கள். அவளுடைய தனிப் படம் கலாபீடத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாப் படங்களிலும் தலைவர் இருந்தார். கடைசியில் தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தும் படத்திலிருந்து அவளை வெட்டிப் பெரிதாக்கினார்கள். தலைவரின் கை மட்டும் வெட்ட வராமல் அவள் தோளில் தங்கிவிட்டது. மாலையை அந்தக் கைக்கும் சேர்த்தே போட்டார்கள். மூன்று மணி நேர நாடகத்தை நாற்பது நிமிஷமாகக் குறைத்தார்கள். இரங்கல் உரைகள் ஏழு இருந்தன. யாரையும் குறைக்க முடியாது. மங்கதாயாருவுக்கும் நிகழ்ச்சியில் இடம் கொடுத்தார்கள். திரையின் இடப்பக்க முனையைப் பிடிக்கும் வேலை.

விழா அன்று மாலை ஐந்து மணிக்கே அரங்கு நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் சுப்பாராயுடுவை உட்கார வைத்து, துயரத்தில் இருப்பவருக்குச் சால்வை போர்த்தி, வியர்க்க வியர்க்க அப்படியே இருக்கச் சொன்னார்கள். ஆறு பேர் பேசினார்கள். அதில் நான்கு பேர் அவளைச் சந்தித்ததில்லை என்று சொல்லி வருந்தினார்கள். ஏழாவதாகத் தலைவர் எழுந்தார். மின்விசிறிகள் நின்றன.

“இந்தப் பின்னல் இருக்கே, அது சாதாரணப் பின்னல் இல்ல” என்றார். “சவால். வந்து ஆடு, ஜெயிச்சா அறுத்துக்கோ. இருநூறு வருஷமா கேட்டுட்டிருக்கோம், ஒருத்தர் வந்ததில்ல. ஏன்? திறமை இல்லாமலா? இல்ல. கட்டுப்பாடு. எப்ப எந்திரிக்கக் கூடாதுன்னு நம்ம ஜனங்களுக்குத் தெரியும். அதுக்கு எடுத்துக்காட்டு மறைந்த ராஜ்யலட்சுமி அம்மா. கடைசிவரைக்கும் எந்திரிக்கல.”

கைதட்டல் எழுந்தது. சுப்பாராயுடு சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்தார், விலாசம் சரியாக எழுதாத கடிதத்தைப் படிப்பது போல.

விளக்குகள் மங்கின. திரையைக் கொண்டுவந்து பிடித்தார்கள். வலப்பக்கம் ஒரு பெண், இடப்பக்கம் பாவாடை தாவணியில் மங்கதாயாரு. பாடகர் குரலெடுத்தார். திரைக்கு மேலாகப் பின்னல் வந்து விழுந்தது. நீளமான சவுரிப் பின்னல், நாகபடமும் குஞ்சலமுமாக.

சுப்பாராயுடு எழுந்தார்.

அவர் கையில் ஒன்றும் இல்லை. குரலும் பெரிதில்லை. ஆனால் முதல் வரிசை, மேடையில் மைக் திறந்திருந்தது.

“சவாலுக்கு ஆள் இருக்குங்க” என்றார்.

பாட்டு நின்றது. செயலர் ஓடி வந்து, அவருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். “வந்து ஆடலாம்னு இப்பதான் தலைவர் சொன்னாரு. ஆடறதுக்கு ஆள் இருக்கு. அதோ, திரையப் பிடிச்சிட்டு நிக்குதே, அந்தப் பொண்ணு.”

பின்வரிசையில் டிப்போ ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு விசில் வந்தது. “அவரு சொல்றது நியாயந்தானே. பின்னல எதுக்குப் போட்டீங்க, காயறதுக்கா?”

செயலர் மைக்கைப் பிடித்து, சவால்கள் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் வர வேண்டும் என்றார். அந்த விதி எங்கே இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். இனிமேல் இருக்கும் என்றார். அதற்குமேல் பேச முடியாத அளவுக்குச் சத்தம் எழுந்ததால், செயற்குழு அவசரமாகக் கூடும், அதுவரை திரையை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று அறிவித்துவிட்டு, ஒன்பது பேரில் மீதியிருந்த எட்டுப் பேரும் ஒப்பனை அறைக்குள் போனார்கள். சம்பந்தப்பட்டவர் என்று சுப்பாராயுடுவையும் அழைத்துப்போய்ச் சுவர் ஓரம் நிற்க வைத்தார்கள்.

முதல் இருபது நிமிஷம் யார் தலைமை வகிப்பது என்பதில் போயிற்று. தலைவரின் பேத்தி சம்பந்தப்பட்டிருப்பதால் தலைவர் விலக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். விலகுவதற்குத் தலைவரின் அனுமதி வேண்டும் என்று செயலர் நினைவூட்டினார். தலைவர் அனுமதி தரவில்லை.

“சரி, ரெண்டு பேர்ல யாரு நல்லா ஆடறான்னு யாரு முடிவு பண்றது?” என்றார் பொருளாளர்.

செயலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “அபிநய ஆசிரியர். அவங்க கருத்தப் பெறணும்.”

“அவங்க கருத்த இப்ப எப்படிப் பெறறது?” என்றார் பொருளாளர்.

மூலையில் உறுப்பினர்களில் ஒருவரான மிருதங்க வாத்தியார் நரசய்யா உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“போன தடவ எப்படிப் பெற்றோம்?”

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். செயலர் பேனா மூடியைத் திறந்து மூடினார். அப்போது வெளியிலிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது.

மேடையில் நடந்தது என்ன என்பதைச் சுப்பாராயுடு பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். திரைக்குப் பின்னால் நின்ற சுஜனா, “அக்கா, எனக்குக் கால் நடுங்குது” என்றிருக்கிறாள்.

“நடுங்கட்டும். நில்லு” என்றாளாம் மங்கதாயாரு.

“எனக்கு மூணாவது அடிக்கு அப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பாமா வேணும்னது தாத்தாதான், நானா கேட்டேன்? நீயே வாயேன். நான் திரையப் பிடிச்சுக்கறேன்.”

“எனக்கு யாரும் தானமா ஒண்ணும் குடுக்க வேண்டாம்.”

“தானம் இல்ல அக்கா. நான் தோத்துட்டேன். பின்னல அவுத்துக்கோ, கொண்டை ஊசி குத்துது.”

பாடகர் பார்த்தார். செயற்குழு எப்போது முடியும் என்று அவருக்கு அனுபவம் உண்டு. கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர். பாட ஆரம்பித்துவிட்டார்.

ஒப்பனை அறையின் கதவு பாதி திறந்திருந்தது. சுப்பாராயுடு நின்ற இடத்திலிருந்து மேடை பக்கவாட்டில் தெரிந்தது. நகை இல்லை, அரிதாரம் இல்லை. சுஜனாவின் சலங்கை, சுஜனாவின் பின்னல், சாயம் போன தாவணி. மங்கதாயாரு திரைக்கு மேலிருந்து பின்னலை மெதுவாக இழுத்துக்கொண்டாள், கொடியில் காய்ந்த தன் சொந்தத் துணியை எடுப்பவள் போல. திரை விலகியது. அவள் சபையைப் பார்த்த பார்வையில் முன்வரிசையில் இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டார்கள்.

ராஜ்யலட்சுமி ஆடுவது போல அவள் ஆடவில்லை. குதிகாலை இன்னும் அழுத்தினாள், ஓரிடத்தில் தாளத்துக்கு முன்னாலேயே போய்விட்டுத் தாளம் வரட்டும் என்று நின்றாள். தப்புதான். ராஜ்யலட்சுமி பார்த்திருந்தால் வீட்டுக்கு வந்து திட்டியிருப்பாள். ராத்திரி சாப்பிடும்போது அந்தத் தப்பைத் திரும்ப ஆடிக் காட்டிச் சிரித்துமிருப்பாள். சுப்பாராயுடு சால்வையின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

செயற்குழு வெளியே வந்தபோது நாடகம் முடிந்து ஜனங்கள் வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். செயலர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் தீர்மானத்தை முழுக்க வாசித்தார்: சவால் பரிசீலனைக்கு ஏற்கப்படுகிறது. மூவர் துணைக்குழு, அபிநய ஆசிரியரின் கருத்தைப் பெற்று முடிவு செய்யும். அதுவரை சத்தியபாமா பிரவேசிக்கலாகாது. சர்ச்சைக்குரிய பின்னல் அலுவலக அலமாரியில் முத்திரையிட்டு வைக்கப்படும்.

அனுமதியில்லாமல் நடந்தது நடக்கவில்லை என்பதால், அன்றைய நிகழ்ச்சி நடைபெறவில்லை என்று மினிட் புத்தகத்தில் எழுதினார்கள்.

மங்கதாயாரு அரங்கின் வாசலில் அவருக்காக நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“மாமா, டீச்சர் சரின்னு சொல்லல, இல்ல?”

“சொல்லல.”

“நெசமா?”

“சரியோ தப்போ, உங்க டீச்சர் மீட்டிங்ல வாயத் தொறந்து சொல்லியிருந்தா ரெண்டு தெரு தள்ளி எனக்குக் கேட்டிருக்கும்.”

அவள் சிரித்தாள். பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்து, அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். டிப்போவிலிருந்து வந்திருந்த அவள் அப்பா, கரி படிந்த கையால் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிறது. துணைக்குழு பதினான்கு முறை கூடியிருக்கிறது. அபிநய ஆசிரியரின் கருத்து இன்னும் வரவில்லை. வேறு ஆசிரியரைப் போட்டுக் கருத்துக் கேட்கலாம் என்றால் அதற்கும் விதி இடம் கொடுக்கவில்லை. ஓர் ஆசிரியர் இறந்தால் நினைவாஞ்சலி நடந்து முடிந்த பிறகுதான் அவர் பெயரை நீக்கித் தீர்மானம் போட முடியும். நினைவாஞ்சலி நடைபெறவில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கலாபீடத்தின் வாசற்கரும்பலகையில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை, நான்கு மணி, அபிநயம், ராஜ்யலட்சுமி என்றுதான் இருக்கிறது. எழுத்து மங்கினால் கோட்டய்யா சாக்பீஸால் மேலே எழுதுகிறான். நான்கு மணிக்குப் பெண்கள் சலங்கையோடு வந்துவிடுகிறார்கள்.